நூற்று இருபத்தைந்தாம் அடியில் ஒரு வரிசை

கனடாவிலிருந்து அண்ணையின் மகன் அழைத்தபோது நான் காலைக் குளிசைகளை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மொத்தம் நாலு. மூன்றாவது கையில் இருந்தது.

"சித்தப்பா, காணியை எப்ப பிரிச்சனீங்கள்?"

"எந்தக் காணி தம்பி?"

"அப்பாவுக்கும் உங்களுக்கும் பொதுவில கிடக்கிற காணிதான். போன்ல சட்டலைற் படத்தில மேலை இருந்து பாத்தனான். வேலி தெரியுது. ஒண்டில்லை, அஞ்சு வேலி."

"அது வேலி இல்லை. மரம்."

"மரம் எண்டா உப்பிடிக் கோடு கீறின மாதிரி நிக்குமே? அப்பாவும் பாத்தவர்."

"பாத்திட்டு என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. எழும்பி உள்ளை போட்டார்."

அண்ணைக்குச் சின்னக் கோபம் வந்தால் ஏசுவார். பெரிய கோபம் வந்தால் எழும்பி உள்ளே போவார். எனக்கு எழுபத்தாறு வயது, அவருக்கு எண்பத்து மூன்று. அவர் எழும்பி உள்ளே போனதை என் வாழ்நாளில் மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். இது நாலாவது; நான் பார்க்காதது. அன்று நாலாவது குளிசையை விழுங்கினேனா என்று பின்னேரம் சந்தேகம் வந்து அட்டையை எண்ணிப் பார்த்தேன். விழுங்கியிருக்கவில்லை.

அந்தக் காணி வலிகாமம் வடக்கில் கிடக்கிறது. பதினான்கு பரப்பு; பதினாறு பரப்பு சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். கிழக்கு மேற்காக இருநூற்றைம்பது அடி, வடக்குத் தெற்காக நூற்றைம்பத்திரண்டு அடி. எங்கள் தகப்பனார் ஒரே உறுதிப் பத்திரத்தில் எங்கள் இருவர் பெயரையும் எழுதிவைத்துவிட்டுப் போனார். பிரிக்கவில்லை. பிரிப்பதற்கு நேரமும் வரவில்லை. சண்டை வந்தது, ஊரே எழும்பிப் போனது, அதன் பிறகு இராணுவ வலயமாகி இருபத்தேழு வருடம் அந்தப் பக்கம் ஒருவரும் கால் வைக்க முடியவில்லை.

திரும்பக் கிடைத்தபோது உறுதியிலிருந்த நீளமும் அகலமும் சரியாக இருந்தன. மண்தான் இல்லை. எங்கள் செம்மண்ணை யாரோ இயந்திரத்தால் வழித்து அள்ளியிருந்தார்கள். சில இடங்களில் சுண்ணாம்புக்கல் வெள்ளையாகத் தெரிந்தது. பத்து இடத்தில் அலவாங்குக் கம்பியால் குத்திப் பார்த்தேன். ஏழு இடத்தில் ஒரு சாணுக்குள்ளேயே கல்லில் இடித்தது.

அரசாங்கக் களஞ்சியமொன்றில் முப்பத்தொரு வருடம் சாமான் எண்ணி வேலை பார்த்தவன் நான், விவசாயி அல்ல. காணியில் பயிர் செய்தது பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி. நான் அவளைப் பிள்ளை என்று கூப்பிடுவேன்; வயது நாற்பத்து மூன்று. இருபத்திரண்டு வருடம் முகாமில் இருந்தவள். ஊர் திரும்பியபோது அவளுக்குக் கிடைத்தது இரண்டு பரப்பு வீட்டு நிலம் மட்டும். புருஷன் சிறுநீரக நோயில் போய்விட்டான். ஒரு மகள் உயர்தரம் படிக்கிறாள். ஐந்து ஆடு. என்னிடம் வந்து, "ஐயா, உந்தக் கல்லுத் தறையை எனக்கு விடுங்கோ, ஏதும் வந்தா நாலில ஒண்டு உங்களுக்கு" என்று கேட்டாள். விட்டேன்.

முதல் வருடம் வெங்காயம் நட்டாள். கிளப்பியபோது ஒவ்வொன்றும் உள்ளிப்பல் அளவில் இருந்தது. ஊற்றிய தண்ணீர் கல் இடுக்கால் இறங்கிப் போய்விடும். பின்னேரம் போனால் பாத்தி விறகு போலக் காய்ந்து கிடக்கும்.

அந்த நேரத்தில்தான் விவசாயப் போதனாசிரியை ஒருவர், தோட்டத்துக்குள்ளேயே வரிசை வரிசையாகக் கிளிசரியா என்கிற சீமைக்கிளுவையும் முருங்கையும் நட்டு, கிளையை வெட்டி வெட்டி இடைவெளியில் மண்ணுக்குள் தாட்டு வந்தால் மண் திரும்பும் என்று சொன்னார். எங்களுக்கு இலைக்குழையை மண்ணில் தாழ்ப்பது புதிதல்ல. அந்த நாளில் வண்டி கட்டி வேறு இடத்திலிருந்து குழை கொண்டுவந்து புகையிலைத் தறையில் தாட்டார்கள். குழையைத் தோட்டத்துக்கு உள்ளேயே வளர்ப்பதுதான் புதிது.

பிள்ளைக்கு விருப்பமில்லை. "வெங்காயம் நடுற இடத்தில மரத்தை நட்டுப்போட்டு, நான் என்ன மரத்தையே காய்ச்சிக் குடிக்கிறது?" என்று கேட்டாள். நான்தான் மூன்று நாள் போய்க் கதைத்துச் சம்மதிக்க வைத்தேன். அவளுக்கு இதில் ஏதும் கெட்டால் அது என் தலையில்தான் என்று அன்றைக்கே பயந்தேன். என்றாலும் நட்டோம். ஐந்து வரிசை, வரிசைக்கு ஐம்பது கதியால், மூன்றடிக்கு ஒன்று. கதியால் என்பது வெட்டி நட்டால் துளிர்க்கிற தடி, நெஞ்சளவு உயரம். இருநூற்றைம்பதில் பத்தொன்பது பட்டுப்போயின. அவற்றுக்குப் பதிலும் நட்டேன்.

இரண்டு வருடம் அவள் என்னை முகம் கொடுத்துப் பார்க்கவில்லை. மூன்றாம் வருடம் ஒருநாள், "ஐயா, இஞ்சை கையை வையுங்கோ" என்றாள். மண் குளிர்ந்திருந்தது. முதல் நாள் இறைத்த தண்ணீர் இன்னும் போகவில்லை. அந்த வருடம் வெங்காயம் வெங்காயமாகவே விளைந்தது. கிளிசரியாக் குழையில் ஆடுகள் கொழுத்தன. பால் விற்றாள். முருங்கைக்காயைக் கட்டிக் கொடிகாமச் சந்தைக்கு அனுப்பினாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்படத் தொடங்கிய மாதத்தில்தான் அந்த அழைப்பு வந்தது.

எங்கள் பக்கத்தில் கதியாலை வரிசையாக நட்டால் அதற்குக் கருத்து ஒன்றுதான்: இது என் பக்கம், அது உன் பக்கம். வேறு கருத்தில் நேர்கோட்டில் கதியால் நட்டவனை நான் கண்டதில்லை. வருடா வருடம் வேலி அடைக்கும்போது கதியாலை நாலு விரல் தள்ளி நடுகிறவர்கள் இருந்தார்கள். நாலு விரல், பிறகு நாலு விரல். எங்கள் தகப்பனாருக்கு இப்படி ஒன்பது அங்குலம் போனது. அதற்காகப் பதினொரு வருடம் வழக்காடினார். அண்ணையைப் பன்னிரண்டு வயதில் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். பழைய கதியால் எந்த இடத்தில் நின்றது என்று கேட்டதற்கு அண்ணை, "எனக்குத் தெரியாது" என்று சொன்னார். வழக்குத் தோற்றது. தகப்பனார் ஒரு மாதம் அண்ணையோடு கதைக்கவில்லை. எனக்கு அப்போது ஐந்து வயது. சோற்றுக்கோப்பையோடு அண்ணை தனியே கிணற்றடியில் இருந்து சாப்பிட்டது நினைவிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த நான்தான் நடுக்காணியில் ஐந்து வரிசை கதியால் நட்டேன். நடும்போது ஒருதடவைகூட இது தோன்றவில்லை. அண்ணை கனடாவில் இருந்தார். மேலேயிருந்து பார்க்கலாம் என்று யார் கண்டது?

மறுநாள் அளவுநாடாவோடு காணிக்குப் போனேன். மேற்கு எல்லையிலிருந்து முதலாம் வரிசை நாற்பத்தோரடி எட்டங்குலம். இரண்டாவது எண்பத்து மூன்றடி நாலங்குலம். மூன்றாவது சரியாக நூற்று இருபத்தைந்து அடி. நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இருநூற்றைம்பதில் பாதி. இந்தப் பக்கம் ஏழு பரப்பு, அந்தப் பக்கம் ஏழு பரப்பு. கிணறு கிழக்குப் பாதியில். என் வீடும் கிழக்கே.

காணி அளக்கிற ஒரு சேவையரைக் கூலிக்குப் பிடித்துப் பங்கு பிரித்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்திருக்க மாட்டார். வேறொருவர் நட்டிருந்தால் வரிசை கொஞ்சம் அங்குமிங்கும் வளைந்திருக்கும், ஒருவரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். நான் அங்குலக் கணக்குப் பார்த்து நட்டேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. வரிசை நடுவதற்கு நூல் பிடித்த அன்று அது பாதி என்று எனக்குத் தெரியுமா? தெரியும். நூற்று இருபத்தைந்து என்று நாடாவில் பார்த்ததும் மனதில் ஒரு குளிர்ச்சி ஏற்பட்டது. கணக்குச் சரியாக வந்த குளிர்ச்சி என்றுதான் நினைத்தேன். இப்போது என்னையே கேட்டேன்: கிணறு இந்தப் பக்கம் விழுந்ததும் அதில் சேர்த்தியா? இல்லை என்ற பதில் உடனே வரவில்லை.

அண்ணைக்கு நாலு தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை மகன் எடுத்தான். அப்பா புரட்டாசியில் வருகிறார், சேவையருக்குச் சொல்லியாயிற்று, பாதியைப் பிரித்து வாங்கியதும் கலியாண மண்டபம் கட்ட ஒருவர் கேட்கிறார் என்றான்.

"மண்டபமோ?"

"நீங்களே பிரிச்சுப்போட்டியள், இனி வைச்சிருந்து என்ன செய்ய எண்டு அப்பா சொல்லுறார்."

என் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இஞ்சாருங்கோ, உந்தக் கொம்பெல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சுபோட்டு அண்ணையோடை ஒற்றுமையா இருங்கோ."

"பிடுங்கினா அந்தப் பிள்ளை என்ன செய்யிறது?"

"அதை நடமுதல் யோசிச்சிருக்க வேணும்."

மண்டபம் வந்தால் மேற்குப் பாதி கொங்கிறீற்றுக்குக் கீழே போகும். பிள்ளையின் நல்ல பாத்திகள் பாதிக்குமேல் அந்தப் பக்கம்தான். மிச்ச ஏழு பரப்பில் அவளும் ஐந்து ஆடும் படிக்கிற மகளும் பிழைக்க முடியாது. மறுபடி கூலிக்குப் போவாள், அல்லது ஊரை விட்டே போவாள். இதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் காணிப் பக்கம் போகாமல் ஒளித்துத் திரிந்தேன். மூன்றாம் நாள் சொன்னேன். அவள் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எப்ப வாறார்? வெங்காயம் கிளப்ப முதலோ, பேந்தோ?"

"கிளப்பினாப் பிறகுதான்."

"அப்ப இந்த வருசம் தப்பீட்டன்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நாலு சொல் என்னை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நான் நாளுக்கு மூன்று தடவை காணிக்குப் போய் நடு வரிசையை எண்ணினேன். ஐம்பது. ஐம்பது. ஐம்பது. யாரும் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தேனா, யாராவது பிடுங்கிவிட்டால் நல்லது என்று நினைத்தேனா, தெரியாது. வீதியில் வான் சத்தம் கேட்டால் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.

புரட்டாசி இரண்டாம் கிழமை அண்ணை வந்தார். அவரை வானால் இறக்க மகனுக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. தொப்பி, ஊன்றுகோல். பின்னால் சேவையர், வாய் நிறைய வெற்றிலையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு. பிள்ளை கிணற்றடியில் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ அண்ணை. பயணம் எப்பிடி?"

அண்ணை நேரே நடு வரிசைக்குப் போனார். ஊன்றுகோலால் ஒவ்வொரு மரத்திலும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்கு நடந்தார். நான் பின்னால் நடந்தேன். ஐம்பது தட்டு.

"உது வேலி இல்லையாம்" என்றார், சேவையரைப் பார்த்து.

"வரிச்சுக் கட்டேல்லையே ஐயா" என்றார் சேவையர். "குறுக்குத் தடி கட்டினாத்தானே வேலி."

"முதல்ல கதியால் வரும். பேந்து வரிச்சு வரும். பேந்து இவன்ரை பிள்ளையள் வந்து எப்பவும் உப்பிடித்தான் நிண்டது எண்டு சொல்லுவினம். எனக்கு வேலி படிப்பிக்க வேண்டாம் காணும்."

நான் மண்ணைப் பற்றிச் சொன்னேன். கல்லைப் பற்றி, குழையைப் பற்றி, பட்டுப்போன பத்தொன்பதைப் பற்றி. அண்ணை முடியும்வரை கேட்டார்.

"சரி. மரம் நட்டது மண்ணுக்கு. ஏன் நடுவில நட்டனி?"

"ஆறு துண்டாச் சமன் வரவேணும் எண்டு…"

"ஏழு வரிசை நட்டாலும் நடுவில ஒண்டு விழும். நாலு நட்டா விழாது. உனக்குத் தெரியாத கணக்கோ?"

அந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒருவேளை மரங்கள் தப்பியிருக்கும். பிள்ளை எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, நட்ட அண்டைக்கு அது பாதி எண்டு எனக்குத் தெரியும். கிணறு எந்தப் பக்கம் எண்டும் தெரியும். அதுக்காக நட்டனோ எண்டு கேட்டா… இல்லை எண்டு சத்தியம் பண்ண எனக்குப் பயமாக் கிடக்கு."

அண்ணை தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

"உனக்குத் தெரியும் எண்டு எனக்கும் தெரியும்" என்றார். "நீ இல்லை எண்டு சொல்லியிருந்தா இண்டைக்கே கையெழுத்து வைச்சிட்டுப் போயிருப்பன்." ஊன்றுகோலை அந்த மரங்களின் பக்கம் நீட்டினார். "நடு வரிசையைப் பிடுங்கு. மற்ற நாலும் நிக்கட்டும்."

"மண்டபம், அப்பா?" என்றான் மகன்.

"அதைப் பேந்து பாப்பம்."

பேந்து பார்ப்பம் என்ற சொல்தான் என்னைக் கொன்றது. மரமும் போய், காணியும் போகிற வழி திறந்தபடியே கிடந்தது. பிடுங்கினாலும் அந்த ஐம்பது குழியும் கோடாகத் தெரியும். மகன் கனடாவிலிருந்து அதையும் பார்ப்பான்.

பிள்ளை ஆட்டை விட்டுவிட்டு வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஐயாமார் ரெண்டு பேரும் கதைச்சு முடிஞ்சுதோ? நானும் ஒரு கதை கேக்கலாமோ?"

"கேள் பிள்ளை" என்றார் அண்ணை.

"அந்த வரிசையில வெட்டுற குழைதான் ரெண்டு ஆட்டுக்குத் தீன். ரெண்டு பக்கமும் உள்ள ஆறு பாத்திக்கும் அதுதான் பசளை. வேலி மாதிரி நிக்குது எண்டதுதானே உங்கடை பயம்?"

"ஓம்."

"அப்ப மூலைக்கு மூலை நடுவம். கிணத்தடி மூலையில துவங்கி அந்தத் தெற்கு மேற்கு மூலைக்கு. பக்கத்தாலை வாய்க்காலும் இழுத்துவிடலாம். மழைக்கு இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. உதிலையே வெட்டி உடனை நடலாம்."

சேவையர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "நானும் முப்பத்திரண்டு வருசமா அளக்கிறன் ஐயா. மூலைக்கு மூலை வேலி போட்டவனை இன்னும் காணேல்லை. அப்பிடி ஒரு விசரன் இந்தக் குடாநாட்டில பிறக்கேல்லை."

"பாத்தி எல்லாம் சரிஞ்சு போகுமே பிள்ளை" என்றேன் நான். இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு அடி, மூன்றடிக்கு ஒன்று என்றால் தொண்ணூற்றெட்டுக் கதியால் வேண்டும் என்று அதற்குள் கணக்குப் பார்த்துவிட்டேன். ஒரு மரத்தில் இரண்டு வெட்டலாம். ஐம்பதில் நூறு வரும்.

"சரிஞ்சா சரிச்சுக் கொத்துறன். நேராக் கொத்தித்தான் இவ்வளவு பாடும்."

அண்ணையின் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்பு என்று எனக்குத் தெரிய ஏழு நொடி எடுத்தது.

"மூலைக்கு மூலை மரம் நிண்டா மண்டபக்காரன் வாங்குவானோ?" என்று சேவையரைக் கேட்டார்.

"முக்கோணத்தில ஆர் ஐயா கலியாணம் கட்டுவான்?"

"அப்ப உம்மடை பெட்டியைப் பூட்டும்."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணை ஊன்றுகோலை உயர்த்தினார். அவன் வானுக்குள் போய் இருந்தான். எனக்கு நிம்மதி வரவில்லை. அண்ணைக்கு எண்பத்து மூன்று. அவர் சொல் அவர் இருக்கும் வரைதான். வானின் கண்ணாடிக்குள்ளே அவன் கைபேசியில் காணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயம் அண்ணையிடமிருந்து எழும்பி அவனிடம் போய்க் குந்திக்கொண்டது, அவ்வளவுதான். பிள்ளைக்குக் குத்தகை இத்தனை வருடம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இரண்டு பேரும் ஒப்பம் வைக்க வேண்டும் என்று அங்கேயே சொன்னேன். "நாளைக்குப் போவம்" என்றார் அண்ணை. நாளைக்கு என்றால் நாளைக்கா என்று இரண்டு தடவை கேட்டேன்.

பிள்ளை நிற்கவில்லை. கத்தியை எடுத்து நடு வரிசையின் முதல் மரத்தில் இரண்டு கிளை தறித்தாள். பிறகு கிணற்றடிக் கொட்டிலிலிருந்து நீளக் கயிற்றைக் கொண்டுவந்தாள். இரண்டு கயிற்றைச் சேர்த்து முடிந்த கயிறு அது. ஒரு நுனியை என் கையில் தந்து கிணற்று மூலைக்கு அனுப்பினாள். மற்ற நுனியை அவள் கொண்டுபோக முன்னமே அண்ணை வாங்கிக்கொண்டார். ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி, கல்லுக்கும் பாத்திக்கும் மேலால் அந்தத் தூரம் முழுக்க நடந்தார். விழுந்துவிடுவாரோ என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அவர் போய்ச் சேர்ந்தபோது தொப்பி மட்டும்தான் தெரிந்தது.

பிள்ளை நடுவில் அலவாங்கோடு நின்றாள். கயிறு இறுகியது. வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. மூன்று கிழமையில் மழை வராவிட்டால் தொண்ணூற்றெட்டும் பட்டுப்போகும்.

அந்த மூலையிலிருந்து அண்ணை ஏதோ கத்தினார். எனக்குக் கேட்கவில்லை.

"என்னவாம் பிள்ளை?"

"கயிறு உங்கடை பக்கம் கூடச் சரியுதாம் ஐயா."

"எந்தப் பக்கம் தள்ளட்டாம்? கேள், வடிவாக் கேள்!"

அவள் அலவாங்கை ஊன்றிவிட்டு அவரைப் பார்த்துக் கூவினாள். பதில் வரும்வரை நான் கயிற்றை அசைக்காமல் நின்றேன்.